எந்தக் கை

ரெனில்ட் தன் ஐம்பத்தொன்பதாவது வயதில்தான் அந்தப் பயலை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தாள். பார்த்த நேரம் சனிக்கிழமை காலை ஏழே முக்கால். பதினோரு மணிக்கு அவள் தைத்த உடுப்பு அவன் உடம்பில் ஏற வேண்டும்.

அவனைப் பார்க்கவென்று அவள் வரவில்லை. நாத்தனார் உகெட்டுக்கு முழங்கால் சரியில்லை, கூட்டத்தில் நெடுநேரம் நிற்க முடியாது. கம்பி வேலியில் சாய்ந்துகொள்ள எந்தப் பக்கம் தோது என்று நோட்டம் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தாள். பிரஸ்ஸல்ஸ் நகரின் மரோல் பகுதியில் பிறந்தவர்கள் யாரும் அவனை வேலைமெனக்கெட்டுப் பார்ப்பதில்லை. நானூறு வருஷமாகத் தெருமுனையில், சுவர்மாடத்தில் நின்றுகொண்டு கீழே உள்ள தொட்டியில் ஒன்றுக்கு அடிக்கும் வெண்கலக் குழந்தை. உயரம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. வெளியூர்க்காரர்கள் மன்னெகன் பிஸ் என்று முழுப் பெயர் சொல்லி வழி கேட்பார்கள். உள்ளூரில் அவன் ‘நம்ம பயல்’. ரொட்டி வாங்கப் போகும்போதும் டிராமுக்கு ஓடும்போதும் அவனைக் கடந்துதான் போவார்கள். தலை மட்டும் திரும்பாது.

அந்தக் காலையில் வேலிக்கு முன்னால் ஒரு ஜோடி மட்டும் இருந்தது. எந்த ஊரோ. கணவர் பயலைப் போலவே வயிற்றைத் தள்ளி நின்று காட்ட, மனைவி கைப்பேசியைத் தூக்கினாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு வந்து, முன்னால் இருந்த அவருடைய வலது கையை எடுத்து இடுப்பில் வைத்தாள். இடது கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தாள். ரெனில்டுக்குச் சிரிப்பு வந்தது. வெளியூர்க்காரிக்கு எல்லாமே தலைகீழ் என்று நினைத்துக்கொண்டே மேலே பார்த்தாள்.

இடது கை.

அவள் இன்னும் இரண்டடி முன்னால் போனாள். சின்னப் பிள்ளை மாதிரி தன் இரண்டு கைகளையும் நீட்டி, எது இடது எது வலது என்று சரிபார்த்தாள். பயல் இடது கையால்தான் பிடித்துக்கொண்டிருந்தான். வலது கை இடுப்பில்.

வீட்டு மேஜையில் இஸ்திரி போட்டு, மெல்லிய வெள்ளைத் தாளுக்கடியில் கிடந்தது அவள் தைத்த நீலக் கோட்டு. அதன் வலது கைதான் முன்பக்கமாக வளைந்திருந்தது. இடது கை இடுப்பைப் பார்த்து மடங்கியிருந்தது. வெண்கலக் கை மடங்காது, நீளாது. சட்டைக் கைதான் அதற்குத் தோதாக வெட்டப்பட்டு, அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்து, சுற்றி வைத்து ஹூக் போடும்படி இருக்க வேண்டும். அவள் அப்படித்தான் தைத்திருந்தாள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல. இந்தப் பயலுக்கு இல்லை, முகம் பார்க்கும் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிகிற பயலுக்கு.

அந்தக் கோட்டு வேறு யாருடையதாக இருந்தாலும் அவள் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். அது ஒடிலோனுடையது. ஒடிலோன் அவள் கணவன், முப்பத்துநாலு வருஷம் இந்த ஊரின் பழைய லிஃப்டுகளைப் பழுது பார்த்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. போனபோது அவனுடைய வேலைக் கோட்டு ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கியது. அவன் அக்கா உகெட் அதைக் கேட்டாள். தம்பியின் பொருள் என்று ஒன்று வேண்டும் என்றாள். ரெனில்ட் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஞாயிற்றுக்கிழமைக் காபிக்கு வந்துகொண்டிருந்த உகெட் வருவதை நிறுத்தினாள்.

பிறகு லிஃப்ட் மெக்கானிக்குகளின் சங்கம் பயலுக்கு ஓர் உடுப்பு கொடுப்பது என்று முடிவு செய்தது. எந்தத் தொழில்காரர்களும் கொடுக்கலாம், ஆனால் நகரசபைக் குழு சம்மதிக்க வேண்டும். அதற்கே இரண்டு வருஷம் ஆனது. சங்கத் தலைவர் ஃபிர்மான், ஒடிலோனோடு ஒரே லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்தவர். தையல் பொறுப்பை ரெனில்டிடம் கொடுத்தார். மரோலில் பேண்ட் சுருக்குவதும் ஜிப் மாற்றுவதுமாக முப்பது வருஷம் தையல் கடை வைத்திருப்பவள் அவள்தானே. எந்தத் துணி என்று பேச்சு வந்தபோது, அவளே எதிர்பார்க்காமல் அவள் வாயிலிருந்து வந்தது, ஒடிலோனின் கோட்டை வெட்டித் தைக்கிறேன் என்று.

உகெட் காதுக்கு அது போனதும் ஏறக்குறைய மூன்று வருஷத்துக்குப் பிறகு படியேறி வந்தாள். கூடப்பிறந்தவளுக்குத் தராததை ஒரு பொம்மைக்குத் தருகிறாயா என்று கேட்டாள். இருவரும் அழுதார்கள். ஃபிர்மான் நடுவில் உட்கார்ந்து சமாதானம் செய்துவைத்தார். அலமாரியில் கிடந்து பூச்சி அரிப்பதைவிடப் பயல் உடம்பில் ஏறி, ஊர் பார்க்க, பிறகு நகரசபையின் உடுப்புக் காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் காலாகாலத்துக்கும் இருக்கட்டும் என்றார். உகெட் கடைசியில் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் ரெனில்ட் கத்தரியையே எடுத்தாள். உகெட் மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினாள். ரெனில்டுக்கு இந்த ஊரில் சொந்தம் என்று இருப்பது அவள் ஒருத்திதான்.

நகரசபை ஒரு கனத்த உறையில் அளவுத்தாள் அனுப்பியிருந்தது. உறையின் மேலேயே உயரமும் மார்பளவும் இடுப்பளவும் எழுதியிருந்தன. உள்ளே படம். ரெனில்ட் உறையைப் பிரிக்கவே இல்லை. மரோலில் பிறந்தவளுக்கு நம்ம பயல் எப்படி நிற்பான் என்று தாள் போட்டுக் காட்ட வேண்டுமா என்று ஃபிர்மானிடம் கேலி பேசினாள். ஃபிர்மானும் அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டார். கடைத் துணியில் தைத்த கால்சட்டையையும் தொப்பியையும் இரண்டு வாரத்துக்கு முன்பே அவர் கொண்டுபோய்ச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு வந்தார். கோட்டு அப்போது வெட்டியிருக்கவில்லை.

ரெனில்ட் வீட்டுக்கு எப்படி நடந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. சமையலறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மது பாட்டில் திறக்கும் பித்தளைத் திருகாணி. பிடி பயல் உருவத்தில் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து தினமும் கையில் எடுத்தது. அதில் அவன் வலது கையால் பிடித்திருந்தான். வார்த்தவன் எவனோ, அவனும் இந்த ஊர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

எட்டு பத்து. பயலுக்கு உடுப்பு போட்டுவிடுகிற நகரசபை ஆள் லம்பேர் பத்தேகால் மணிக்குள் கையில் வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

புதுத் துணி வாங்கலாம் என்றால் கடை திறக்கவே பத்து மணி ஆகும். திறந்தாலும் அது ஒடிலோனின் துணி ஆகாது. கோட்டில் மிச்சம் என்று எதுவும் இல்லை. போன வாரம் சங்கக் கூட்டத்தில், எண்ணெய்க் கறையும் கிழிசலும் போக மீந்த துணியையெல்லாம் விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, நாற்பது மெக்கானிக்குகளுக்கும் உகெட்டுக்கும் சட்டையில் குத்திக்கொள்ள அவள்தான் கொடுத்தாள். அவளுக்கென்று ஒன்று வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

முதலில் இரண்டு கைகளையும் பிரித்து இடம் மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். பிளேடால் தையலை அறுத்தாள். அவள் தையல் லேசில் விடாது, அதற்குத்தான் அவளுக்குப் பெயர். இரட்டைத் தையல் வேறு போட்டிருந்தாள். அரை மணி நேரம் போனது. கைகள் இரண்டும் கழன்று வந்தன. வலது கையை இடது பக்கம் வைத்துப் பார்த்தாள். வளைவு முதுகுப் பக்கம் போனது. எலும்பு முறிந்த கைபோல இருந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஃபிர்மானைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா? பயல் கால்சட்டையும் தொப்பியுமாக நிற்கட்டும். உகெட் என்ன சொல்வாள் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. உனக்கு மனசு வரவில்லை, வெட்டுகிற மாதிரி காட்டிவிட்டு இப்போது சாக்கு சொல்கிறாய் என்பாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாள். எழுந்து போய்விடுவாள். இந்த முறை திரும்பி வர மாட்டாள்.

மேஜையில் சட்டைக் கை உள்பக்கம் மேலாகத் திரும்பிக் கிடந்தது. அதன் வளைவு இப்போது மறுபக்கம் பார்த்தது. ரெனில்ட் அதைப் பார்த்தாள், ஒரு நிமிஷம் முழுக்கப் பார்த்தாள். உள்ளதை வெளியாக்கினால் வலது இடதாகும். முப்பது வருஷத்தில் எத்தனை பழைய கோட்டுகளை அப்படித் திருப்பித் தைத்துக் கொடுத்திருக்கிறாள். கைகள் மட்டும் திரும்பினால் போதாது, மொத்தக் கோட்டையும் திருப்ப வேண்டும். தோள், பக்கவாட்டு, கழுத்துப் பட்டை, மேல்பை எல்லாம் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். பட்டன்களை அறுத்துத் துணியின் மறுமுகத்தில் வைக்க வேண்டும். எட்டு ஐம்பது ஆகியிருந்தது.

துணிதான் அவளைத் தடுத்தது. வெளிப்பக்கம் வெளுத்துச் சாம்பல் நீலமாக இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒடிலோனின் நிறம் அது. உள்பக்கத்தில் வெயில் படவில்லை, மை நீலம் அப்படியே இருந்தது, நேற்று வாங்கியதுபோல. யார் பார்த்தாலும் புதுத் துணி என்றுதான் சொல்வார்கள்.

வேறு வழி இருந்தால் யோசித்திருப்பாள். பிளேடை எடுத்தாள்.

ஒன்பதரைக்குக் கதவு தட்டப்பட்டது. உகெட்டின் கைத்தடிச் சத்தம் படியிலேயே கேட்டிருந்தது.

“திற, ரெனில்ட்.”

கோட்டு நாலு துண்டாக மேஜையில் கிடந்தது. ரெனில்ட் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

“தலைக்கு ஊத்திக்கிட்டு ஈரத்தோட நிக்கிறேன். நீ மெதுவா நடந்துக்கிட்டிரு, பின்னாலயே வந்துடறேன்.”

“மெஷின் சத்தம் கேட்டுச்சே.”

“ஒரு பட்டன் விட்டுப்போச்சு.”

“பட்டனை யாரு மெஷின்ல தைக்கிறா?”

ரெனில்ட் கழுத்துப் பட்டையை ஊசிக்கடியில் நேராக்கினாள். உகெட்டின் கைத்தடி கதவில் லேசாக இடித்தது.

“பயல் போட்டுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கையில வாங்கிப் பாக்கறேன்னு சொல்லியிருந்தேன். அவ்வளவுதான் கேட்டேன்.”

“அங்க வந்து பாரு, உகெட்.”

கைத்தடி படியிறங்கிப் போனது, வந்ததைவிட மெதுவாக. ரெனில்ட் மெஷினை மிதித்தாள். கண் மங்கியது, புறங்கையால் துடைத்தாள். ஊசி விரலில் ஏறியது. ஒரு பொட்டு ரத்தம் துணியில் விழுந்தது, மை நீலத்தில் அது தெரியவில்லை.

பத்தேகால் தாண்டியதும் ஃபிர்மான் கூப்பிட்டார்.

“ரெனில்ட், பயல் இன்னும் வெறும் மார்போட நிக்கிறான். வர்றியா, இல்ல என் கோட்டைக் கழட்டிப் போடட்டுமா? அவனுக்குக் கூடாரம் மாதிரி இருக்கும், பரவாயில்ல.”

வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தாள். கடைசிப் பட்டனின் நூலைப் பல்லால் கடித்தாள். இஸ்திரி போட நேரமில்லை. கோட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுச் செருப்போடு ஓடினாள். மேட்டுத் தெருவில் நத்தை சூப்பு விற்பவள் என்னவென்று கேட்டதற்கு நிற்காமல் கையை மட்டும் ஆட்டினாள். தேவாலயத்தைத் தாண்டிச் சரிவில் இறங்கும்போது வாத்தியக்காரர்கள் குழல்களைச் சரிபார்ப்பது கேட்டது.

லம்பேர் வேலிக்குள் ஏணியோடு காத்திருந்தார். பயலைச் சுற்றி நகரக் கொடி திரைபோலக் கட்டியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். கோட்டை வாங்கி விரித்தார், கைகளைப் பார்த்தார். உள்ளே திருப்பி வெளுத்த பக்கத்தைப் பார்த்தார். பிறகு ரெனில்டின் செருப்பைப் பார்த்தார்.

“கை சரியா இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார்.

கூட்டம் இரண்டு தெருவையும் அடைத்திருந்தது. முன்வரிசையில் மெக்கானிக்குகள், ஒவ்வொருவர் மார்பிலும் வெளுத்த நீலப் பட்டை. வேலி ஓரத்தில் உகெட், அவளும் குத்தியிருந்தாள். ரெனில்ட் பக்கத்தில் போய் நின்றாள். உகெட் திரும்பவில்லை. ஃபிர்மான் பேசினார். லிஃப்டில் மாட்டிக்கொண்ட மந்திரி ஒருவரைப் பற்றிய பழைய கதையைச் சொன்னார், கூட்டம் சிரித்தது. ஒடிலோனின் பெயரைச் சொன்னார், தொப்பிகள் கழன்றன. பிறகு கொடியை இழுத்தார்கள்.

பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கைப்பேசிகள் உயர்ந்தன. முன்னால் தட்டத் தொடங்கிய கைகள் பாதியில் நின்றன. பயல் மை நீலத்தில், தொப்பியும் மேல்பையில் பென்சிலுமாகக் கனஜோராக நின்றான். கோட்டு ஒட்டிப் பிறந்ததுபோல இருந்தது.

“ஆம்பளைக் கோட்டுல பட்டன் பொம்பளைப் பக்கம் இருக்கேப்பா” என்றார் ஃபிர்மான். யாரும் சிரிக்கவில்லை.

பின்னாலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள், துணி புதுசு என்று. அது வரிசை நெடுக ஓடியது. ஆட்கள் தங்கள் மார்புப் பட்டையைக் குனிந்து பார்த்தார்கள், பயலைப் பார்த்தார்கள். கடைசியில் ரெனில்டைப் பார்த்தார்கள்.

உகெட்டும் தன் பட்டையைப் பார்த்தாள்.

“இது அவன் கோட்டு இல்ல.”

“அவன் கோட்டுதான்.”

“என் தம்பி கோட்டு எனக்குத் தெரியாதா? கோட்டுக் கீழ்விளிம்புல கொஞ்சம் வெட்டி எங்களுக்கெல்லாம் ரிப்பன் குடுத்துட்டே. மிச்சம் அலமாரிக்குள்ளதான் இருக்கு. அதுக்குத்தான் கதவைத் திறக்கல.” அவள் குரல் உயரவே இல்லை. “வெச்சுக்கோ, ரெனில்ட். நீயே வெச்சுக்கோ.”

கைத்தடியை ஊன்றித் திரும்பினாள். கூட்டம் அவளுக்கு வழிவிட ஒதுங்கியது.

“திருப்பித் தைச்சிருக்கேன்” என்றாள் ரெனில்ட். “உள்பக்கம் வெளியில இருக்கு.”

உகெட் நின்றாள். “எதுக்கு?”

பொய் ஒன்று தயாராக இருந்தது. வரும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் போகிற உடுப்பு பளிச்சென்று இருக்கட்டும் என்று திருப்பினேன் எனலாம். யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். உகெட் மட்டும் நம்ப மாட்டாள். சுற்றிலும் நாற்பது மெக்கானிக்குகள், பாதிக்கு மேல் மரோலில் பிறந்தவர்கள். நாளைக் காலை அவள் ரொட்டி வாங்கப் போக வேண்டிய ஊர்.

“கை மாத்தித் தைச்சுட்டேன். வலது கையால பிடிச்சிருக்கான்னு நினைச்சுட்டேன். காலையில இங்க வந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது. திருப்பினாத்தான் சரியாவும்னு எல்லாத்தையும் பிரிச்சேன்.”

தொட்டியில் தண்ணீர் விழுவது மட்டும் கேட்டது.

உகெட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ எங்க பொறந்தே?”

“உனக்குத் தெரியும்.”

“அளவுத்தாள் குடுத்தாங்களே?”

“பிரிக்கல.”

“ஏன்?”

“திமிர்” என்றாள் ரெனில்ட்.

ஏணியில் இருந்த லம்பேர், யாரும் கேட்காமலே, பயலின் கோட்டில் இரண்டு பட்டன்களைக் கழற்றினார். ஒரு பக்கத்தை மடித்துத் திறந்து பிடித்தார். உள்ளே சாம்பல் நீலம் தெரிந்தது, வெளுத்து, துவைத்துத் துவைத்து நூல் தேய்ந்த நீலம். மெக்கானிக்குகள் எட்டிப் பார்த்தார்கள். உகெட் வேலிவரை போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள். லம்பேரும் கையை எடுக்காமல் நின்றார்.

வரிசையில் யாரோ ஒருவர் பக்கத்து ஆளிடம், நானும் வலதுன்னுதான் நினைச்சிட்டிருந்தேன் என்று ரகசியமாகச் சொன்னார். அது எல்லோருக்கும் கேட்டது. ஃபிர்மான் முதலில் சிரித்தார், பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. ரெனில்டுக்குக் காது சூடேறியது. இந்தச் சிரிப்பு இன்றோடு போகாது, கல்யாணத்தில் கேட்கும், சாவு வீட்டில் கேட்கும், அவள் கடை வாசலில் தினமும் கேட்கும். அவள் உகெட்டின் முதுகை மட்டும் பார்த்தாள்.

லம்பேர் பட்டன்களைப் போட்டுவிட்டு இறங்கினார். ஃபிர்மான் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் திறப்பவருக்குக் கை காட்டினார். வாத்தியம் தொடங்கியது. உடுப்பு போட்டதும் தண்ணீரை வேகமாகத் திறந்துவிடுவது வழக்கம், அது வேலியைத் தாண்டி வந்து விழும். தெரிந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். உகெட் நகரவில்லை. ரெனில்ட் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

“கதவைத் திறந்திருக்கலாமில்ல” என்றாள் உகெட், மேலே பார்த்தபடியே. “எனக்கும் தையல் பிரிக்கத் தெரியும்.”

தண்ணீர் இரண்டு பேர் தலையிலும் விழுந்தது.